ஜனவரி முப்பத்தொன்று வரை

சிதறால்,
4.9.2025

அன்புள்ள ஷைஜாவுக்கு,

மாமி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. வலது முழங்கால் மட்டும் படியேறும்போது முரண்டு பிடிக்கிறது. உன் வயிற்றுப்புண் ஆறியதா? அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் நஷ்டப்பட்டு அண்டி ஆபீஸைப் பூட்டினேன் என்று சபையில் பேசிக்கொள்கிறார்கள். களியக்காவிளையில் உன் அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அது தவறு. உன் மாமா இஸ்ரவேல் இறந்தபின் பதினோரு வருடம் அந்த முந்திரி ஆலையை நான் தனியாக நடத்தினேன். ஒரு சனிக்கிழமைகூடக் கூலி தள்ளிப்போனதில்லை. பூட்டிய அன்று ஒரு கண்டெய்னர் பருப்புக்கு ஆர்டர் கையில் இருந்தது. பூட்டுவது என்று நான் முடிவு செய்தேன், பூட்டினேன். காரணம் உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை என்று அப்போது நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. படிப்பு, சர்டிபிகேட், சீக்கிரம் என்ற மூன்று வார்த்தைகள்தான் காதில் விழுந்தன. உனக்கு என்ன வேண்டும் என்று தாளில் எழுது. கையால் எழுது, தேதி போடு. வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. அந்தப் போனை நான் மணி பார்க்க மட்டுமே வைத்திருக்கிறேன்.

உனக்காக ஜெபிக்கும்,
ராகேல் மாமி

பெங்களூரு,
16.9.2025

அன்பு மாமிக்கு,

ஷைஜாவின் தோத்திரம். வயிறு பரவாயில்லை. உங்கள் முழங்காலுக்கு நல்ல தைலம் ஒன்று அனுப்புகிறேன், மறுக்காமல் பூசிக்கொள்ளுங்கள். காலேஜ் முடித்தபின் பேனா பிடித்து ஒரு பக்கம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கையெழுத்துக்கு மார்க் குறைக்காதீர்கள்.

விஷயம் இதுதான். நான் எம்.பி.ஏ. படிக்கப்போகிறேன். வடக்கே பெரிய நிர்வாகக் கல்லூரி, ஒரு வருடப் படிப்பு. நுழைவுத் தேர்வில் நல்ல மார்க் வந்துவிட்டது. ஆனால் மார்க் மட்டும் போதாது. மூன்று வருடம் முழுநேர வேலை பார்த்த அனுபவம் கேட்கிறார்கள். விண்ணப்பத்தின் கடைசி நாள் ஜனவரி 10. இந்தக் கம்பெனியில் அன்றைக்குப் பதினாறு மாதம் ஆகியிருக்கும். மீதி இருபது மாதம் உங்கள் ஆபீஸில் நான் சூப்பர்வைசராக இருந்தது. 2022 ஜூன் 1 முதல் 2024 ஜனவரி 31 வரை. கூட்டிப் பாருங்கள் மாமி, ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இங்கே என் பிரிவில் பதினான்கு பேரில் எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மார்ச்சில் அடுத்த பட்டியல் வரும். அதில் என் பெயர் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், என் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் யாருக்கும் தைரியமில்லை. இந்தப் படிப்பு கிடைத்தால் பிழைத்தேன். இல்லையென்றால் அம்மாவின் துணிக்கடையில் ரவிக்கைத் துணி கிழித்துக்கொடுக்க வேண்டியதுதான்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் ஷைஜா

சிதறால்,
25.9.2025

அன்புள்ள ஷைஜாவுக்கு,

நலம். தைலம் வந்தது. நாற்றம் தாங்கவில்லை, ஆனாலும் பூசுகிறேன்.

நீ மேலே படிக்கப்போவது எனக்குச் சந்தோஷம். உன் அப்பா, என் தம்பி ஜேசுதாஸ் இருந்திருந்தால் மார்த்தாண்டம் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பான். வேலையில் நீ கெட்டிக்காரி. உடைக்கிற ஷெட்டிலும் தோல் உரிக்கிற ஷெட்டிலும் யார் எத்தனை கிலோ என்று பார்க்காமலே சொல்லுவாய். வந்த முதல் வாரம் லில்லிபாய் உன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? "கொச்சு மொதலாளிக்க கை பன்னுமாதிரி இருக்குவு. ஒரு நாளு எங்ககூட இருந்து அண்டி உடையும், அப்பம் தெரியும் கறுப்பும் வெளுப்பும்" என்றாள். ஷெட்டே சிரித்தது. நீயும் சிரித்தாய்.

அவள் பருப்பு உலர்த்தும் போர்மாச் சூட்டில் இறந்து வரும் ஜனவரியோடு இரண்டு வருடம். உன் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வரி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருக்கட்டும்.

கல்லூரிக்கு என்னென்ன தாள் வேண்டும் என்பதை வரிசையாக எழுது.

ஆசிகளுடன்,
மாமி

பெங்களூரு,
6.10.2025

அன்பு மாமிக்கு,

சுகமா? இங்கே ஓயாத மழை. நானும் சுகம்தான்.

இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று, ஆபீஸ் லெட்டர்ஹெட்டில் அனுபவச் சான்றிதழ். என்ன பதவி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன பொறுப்பு என்று இருக்க வேண்டும். இரண்டாவது, பரிந்துரைப் படிவம். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, உங்கள் கான்வென்ட் ஆங்கிலத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம். ஏழு கேள்விகள். நாலாவது கேள்வியைத்தான் அவர்கள் கவனித்துப் படிப்பார்களாம்: இவர் வேலையில் சந்தித்த மிகக் கடினமான சூழ்நிலை எது, அதில் எப்படி நடந்துகொண்டார்?

லில்லிபாய் அக்காவை நான் மறக்கவில்லை மாமி. எழுதத்தான் தெம்பில்லை.

அன்புடன்,
ஷைஜா

சிதறால்,
21.10.2025

அன்புள்ள ஷைஜாவுக்கு,

கண்ணில் புரை இருக்கிறது என்கிறார் டாக்டர். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

சான்றிதழை உன் மாமாவின் டைப்ரைட்டரில் நானே அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஆபீஸ் முத்திரையில் மை காய்ந்துபோயிருந்தது. மூன்று தடவை குத்த வேண்டியிருந்தது. படிவத்தை நிரப்ப எனக்கு நாள் வேண்டும். நாலாவது கேள்விக்கு யோசிக்காமல் பதில் எழுத முடியாது.

நேற்று லில்லிபாயின் கணவன் மரியஜான் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனான். ரப்பர் பால் வெட்டி முடித்து வருகிற நேரம். உள்ளே வா என்றேன், வரவில்லை.

மாமி

பெங்களூரு,
30.10.2025

அன்பு மாமிக்கு,

கண்ணைக் கவனியுங்கள், ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

சான்றிதழ் கிடைத்தது. ரொம்ப அழகாக அடித்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு தவறு வந்துவிட்டது. நான் வேலை பார்த்தது 2023 டிசம்பர் 31 வரை என்று போட்டிருக்கிறீர்கள். 2024 ஜனவரி 31 என்று இருக்க வேண்டும். இந்த ஒரு மாதம் போனால் மூன்று வருடம் நிறையாது. விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரே திருப்பி அனுப்பிவிடும், மனிதர் கைக்கே போகாது.

மாமி ஒரு தேதியைத் தவறாகப் போட்டு நான் பார்த்ததில்லை. கண் புரைதான் காரணமாக இருக்கும். புதிதாக ஒன்று அடித்து அனுப்புங்கள்.

உங்கள்,
ஷைஜா

சிதறால்,
15.11.2025

அன்புள்ள ஷைஜாவுக்கு,

என் கண்ணில் கோளாறு இருந்தாலும் தேதியில் கோளாறு இல்லை. டிசம்பர் 31 என்று தெரிந்தேதான் போட்டேன். அந்தத் தேதியை நான் எழுதுவது இது இரண்டாம் தடவை.

2024 ஜனவரி 31, புதன்கிழமை, லில்லிபாயை அடக்கம் செய்தோம். நீ வரவில்லை. அன்று சாயங்காலம் குழித்துறை ஸ்டேஷனில் உன்னை ரயில் ஏற்றினேன். மறுநாள் காலை தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் என் மேசையில் இருக்கிறது. அதிலிருந்து எழுதுகிறேன்: "சூப்பர்வைசர் ஷைஜா டிசம்பர் 31ஆம் தேதியே வேலையை விட்டு நின்றுவிட்டார். சம்பவ நாளில் பொறுப்பு என்னுடையது. பருப்பு உலர்த்தும் சூட்டறையான போர்மாவுக்குள் லில்லிபாய் மதிய இடைவேளையில் யாரும் சொல்லாமல் தானாகவே போயிருக்கிறார். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் அடுப்பு பார்க்கும் பகவதியப்பன் கதவைத் தாழிட்டுத் தீ போட்டிருக்கிறார்."

அதற்கு ஏற்றபடி ஜனவரி மாத வருகைப் பதிவேட்டை உன் பெயர் இல்லாமல் என் கையால் புதிதாக எழுதினேன். பழையதைக் கிழித்தேன். வாழ்நாளில் நான் செய்த ஒரே பொய்க் கணக்கு அது. உன் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன்னை என்னிடம் ஒப்படைத்தது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது. அவளிடம் ஏதாவது சொன்னாயா என்று உன்னிடம் நான் கேட்டது ஒரே ஒரு தடவை. "இல்ல மாமி, நான் ஒண்ணுஞ் சொல்லேல்ல" என்றாய். இரண்டாவது தடவை கேட்கவில்லை.

போன வாரம் மரியஜான் உள்ளே வந்தான். உட்காரச் சொன்னேன். நின்றான்.

"மொதலாளியம்மா, நான் ரூவா கேட்டு வரல்ல. அது அன்னைக்கே தந்திய, வாங்கினேன். எனக்க பெண்டாட்டி களவாணியா? அத மட்டும் சொல்லுங்க."

"யார் சொன்னது?"

"ஆரு சொல்லல்ல? மத்தியானம் ஆளில்லாத நேரம் உள்ள போனா. மடி நெறைய பருப்பு இருந்து. பின்ன ஊருக்கு வேற என்ன வேணும்? மூத்தவளுக்கு ஒரு எடம் பேசி முடிச்சிருந்தோம். அண்டி களவாண்டு செத்தவளுக்க மோளு வேண்டாம்ணு பேசி விட்டிட்டாவ. பத்தொம்பது வருசம் ஒங்க கேட்டுல சேலய ஒதறிக் காட்டிட்டுத்தான் வீட்டுக்கு வந்தா. ஒரு நாளு, ஒரு பருப்பு விழுந்திருக்கா?"

"இல்லை" என்றேன்.

"அப்பம் எழுதிக் குடுங்க. நீங்க படிச்சவிய."

அவன் போனபின் பூட்டிய ஷெட்டில் போய் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு தேதியும் ஒரே கையெழுத்தில் இருக்க முடியாது, ஷைஜா. நீ கேட்கிற தேதியை நான் எழுதினால் ஆய்வாளரிடம் சொன்னது பொய். இதை யோசித்து எழுது.

மாமி

பெங்களூரு,
1.12.2025

அன்பு மாமிக்கு,

பதில் தாமதத்துக்கு மன்னியுங்கள். காய்ச்சலாக இருந்தது.

நீங்கள் எனக்காக இவ்வளவு செய்தது எனக்குத் தெரியாது. எப்படி நன்றி சொல்வது என்றும் தெரியவில்லை. ஆனால் மாமி, கொஞ்சம் யோசியுங்கள். வடக்கே உள்ள கல்லூரிக்கும் நாகர்கோவிலில் உள்ள ஆய்வாளருக்கும் என்ன தொடர்பு? அந்தத் தாள் அங்கே ஒரு அலமாரியில் கிடக்கும், இந்தத் தாள் இங்கே ஒரு கம்ப்யூட்டரில் கிடக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே போவதில்லை. அதோடு நான் கேட்பது பொய்யில்லையே. ஜனவரி 31 வரை நான் வேலை பார்த்தது உண்மை.

மரியஜான் அண்ணனை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. படித்து முடித்து நல்ல வேலை கிடைத்ததும் அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு என்னால் ஆனதைச் செய்வேன்.

உங்கள் கண்ணுக்குச் சிரமம் வேண்டாம் என்று படிவத்தின் பதில்களை நானே தயார் செய்து அனுப்பியிருக்கிறேன். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஷைஜா

சிதறால்,
10.12.2025

ஷைஜாவுக்கு,

காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். கஞ்சி குடி.

நீ எனக்காக எழுதி அனுப்பிய பதில்களை வாசித்தேன். ஆங்கிலம் வழவழப்பாக ஓடுகிறது. நாலாவது பதிலை மட்டும் தமிழில் எழுதிப் பார்த்தேன். அப்போதுதான் முழுதாக விளங்கியது.

"கண்டெய்னர் மறுநாள் புறப்பட வேண்டியிருந்தது. ஷைஜா மதிய இடைவேளையைக்கூட வீணாக்காமல், உலர்த்தும் அறையிலிருந்து கடைசி நாற்பது தட்டுகளை வெளியே எடுக்க ஏற்பாடு செய்தார். அப்போது ஒரு தொழிலாளி பாதுகாப்பு விதியை மீறியதால் விபத்து நேர்ந்தது. ஷைஜா பதற்றப்படாமல் மற்றவர்களை வெளியேற்றி நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். இது அவருடைய தலைமைப் பண்புக்குச் சான்று."

ஒரு தொழிலாளி. அவளுக்குப் பெயர் உண்டு.

நாற்பது தட்டுகளை மதிய இடைவேளையில் எடுக்க வேண்டியிருந்தது என்பதை நான் இந்தத் தாளில்தான் முதல் தடவையாக வாசிக்கிறேன். ஏற்பாடு செய்தாய் என்றால் யாரையாவது அனுப்பியிருக்க வேண்டும். அன்று மதியம் போர்மாவுக்குள் போனவள் ஒருத்திதான்.

உள்ளே ஆள் போனால் கதவைத் திறந்து கொக்கியில் மாட்டி, பகவதியப்பனிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். முதல் நாளே உனக்கு நான் சொல்லிக் கொடுத்தது அது. நேற்று அவனைக் கூப்பிட்டு விட்டேன். "உள்ள ஆளு நிக்குண்ணு எங்கிட்ட ஆருஞ் சொல்லல்லியே, மொதலாளியம்மா. நான் ஒருவாட்டி ஒரக்கக் கூப்பிட்டிருக்கப்பிடாதா?" என்று என்னிடமே கேட்டான். இரண்டு வருடமாக அவளைக் கொன்றது தான்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறான்.

நாற்பது தட்டுகளை எடுக்க நீ யாரை அனுப்பினாய்?

மாமி

பெங்களூரு,
28.12.2025

அன்பு மாமிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். லீவு கிடைக்கவில்லை, அதனால் ஊருக்கு வரவில்லை. அம்மா அப்பமும் கறியும் கொடுத்து விட்டிருப்பாளே. முழங்கால் எப்படி?

அந்த வரியை எடுத்துவிட்டேன். திருத்திய தாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நாலாவது பதிலில் இப்போது வேறு சம்பவம் இருக்கிறது, 2023 வெள்ளத்தில் பருப்பு மூட்டைகளைக் காப்பாற்றியது. பழைய தாளைக் கிழித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்டதைப் போனில் பேசலாம் மாமி. நேரில் வந்தும் பேசுகிறேன், படிப்பில் சேர்ந்த பிறகு. தாளில் வேண்டாம். எனக்கு இருபத்தாறு வயது. அப்போது இருபத்துநாலு. அன்றைக்கு மட்டும் ஏழு தடவை அந்த ஏற்றுமதிக்காரன் போன் செய்தான்.

பத்தாம் தேதி கடைசி. சர்டிபிகேட்டும் படிவமும் எட்டாம் தேதிக்குள் என் கையில் இருக்க வேண்டும். என்னைக் கைவிட்டுவிடாதீர்கள்.

ஷைஜா

சிதறால்,
3.1.2026

அன்புள்ள ஷைஜாவுக்கு,

புத்தாண்டில் ஆண்டவர் உனக்குத் திடன் தரட்டும். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அப்பம் வந்தது.

நீ கேட்ட சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. சூப்பர்வைசர், 2022 ஜூன் 1 முதல் 2024 ஜனவரி 31 வரை. இந்தத் தடவை முத்திரை நன்றாக விழுந்திருக்கிறது. கூரியரில் அனுப்புகிறேன், ஆறாம் தேதி கிடைத்துவிடும். இது உண்மை, யார் கேட்டாலும் உண்மை என்றுதான் சொல்லுவேன். விண்ணப்பித்துக்கொள்.

இன்னொரு தாளும் இருக்கிறது. ஆய்வாளருக்கு நான் எழுதியிருக்கும் கடிதத்தின் நகல். சம்பவ நாளில் நீ பணியில் இருந்தாய் என்றும், பதிவேட்டை மாற்றி எழுதியது நான் என்றும் அதில் இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அவளை வெளியே தூக்கியபோது உள்ளே ஒரு தட்டு சரிந்து கிடந்ததை நான் பார்த்தேன். தரையில் விழுந்த பருப்பு மிதிபடக்கூடாது, உடனே மடியில் பொறுக்கித் தட்டில் சேர்க்க வேண்டும் என்பது நான் போட்ட விதி. பத்தொன்பது வருடமாக அவள் அதைத்தான் செய்தாள். அன்றும் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள். ஆய்வாளர் அவள் மடியில் பருப்பு இருந்ததைக் கேள்விப்பட்டு, "திருட்டா?" என்று கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. உன்னைக் காப்பாற்ற எனக்கு அது வசதியாக இருந்தது. ஊர் அவளைக் களவாணி ஆக்கவில்லை, நான் ஆக்கினேன்.

பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை, வடசேரி பஸ்ஸில் நாகர்கோவில் போய் அதை நேரில் கொடுக்கப்போகிறேன். மரியஜான் கூட வருகிறான். எதற்கு என்று அவனிடம் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை உட்கார்ந்தான். பிறகு, "எழுபத்தாறு வயசுல இத எடுத்துச் செமக்கணுமா உங்களுக்கு?" என்றான். எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். உனக்கு என்ன வரும் என்பது எனக்குத் தெரியாது. அன்று நடந்தது முழுதாகத் தெரியாததால்தான் இரண்டு வருடம் தூங்கினேன், இனி முடியாது.

அந்தக் கடிதத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, பார். லில்லிபாயை உள்ளே அனுப்பியது யார் என்ற இடம். அதை நான் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காததை ஒரு தடவை எழுதினேன், இன்னொரு தடவை எழுதமாட்டேன். உன் படிவத்தில் ஆறு கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டேன். எல்லாமே உன்னைப் பற்றி நல்லதாகவே இருக்கிறது, ஏனென்றால் அவையும் உண்மை. நாலாவது காலியாக இருக்கிறது. வெள்ளமும் மூட்டையும் வேண்டாம். நீ சந்தித்த மிகக் கடினமான சூழ்நிலை எது என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதில் எப்படி நடந்துகொண்டாய் என்பது இன்னும் முடியவில்லை. உன் பதில் வந்ததும் அதைப் பார்த்து எழுதி, படிவத்தை நானே நேராகக் கல்லூரிக்கு அனுப்புவேன். பத்தாம் தேதிக்குள் போய்ச்சேர வேண்டுமென்றால் நீ கூரியர் கையில் கிடைத்த அன்றே எழுத வேண்டும்.

போன் செய்யாதே. எடுக்கமாட்டேன்.

2024 ஜனவரி 30ஆம் தேதி மதியம் லில்லிபாயைப் போர்மாவுக்குள் போகச் சொன்னது யார்? கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுப் பதில் அனுப்பு.

உன் மாமி,
ராகேல் இஸ்ரவேல்